ஈரக் காலோடு ஓடிய முதலாளி

சந்தியாகு மாஸ்டர் சொல்வதில் பாதியைக் கடலில் போட்டுவிட்டு மீதியை நம்பினால் போதும் என்பார்கள் தூத்துக்குடியில். அவர் அடுப்பில் வெந்த ரொட்டி ஒன்றின் மேல் காக்கை வந்து உட்கார்ந்ததாம். ரொட்டி அவ்வளவு மெத்து. காக்கை அப்படியே உள்ளே போய்விட்டதாம். மறுநாள் ஒரு வீட்டில் ரொட்டியை அறுத்தபோது அது நிதானமாக வெளியே வந்து பறந்து போனதாம். இதைப் பங்குச்சாமியாரிடமே சொல்லியிருக்கிறார்.

ஆனால் மாவைத் தொட்டே அதன் வயதைச் சொல்லிவிடுவார். செலஸ்தீனாவுக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். அப்பாவின் ரொட்டி கம்பெனிக்குள் அவள் காலெடுத்து வைத்த அன்று, நாற்காலியில் உட்கார விடாமல் மூன்று மாதம் மாவுத் தொட்டி கழுவ வைத்தார். இப்போது அவளுக்கு ஐம்பத்தேழு வயது. நாற்காலி அவளுடையது. மாஸ்டருக்கு எழுபத்திரண்டு. வேலையை விட்டு, பழைய துறைமுகத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறார்.

அன்று பகல் பதினோரு மணிக்கு அவரைத் தேடிப் போனாள்.

"என்ன முதலாளியம்மா, மீன் வேணுமா, ஞானம் வேணுமா? மீன் இன்னும் சிக்கல."

அவள் பையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து நீட்டினாள். அவளுடைய கம்பெனி ரொட்டி இல்லை. ஆறு மாதத்துக்கு முன் ஊருக்குள் வந்த வெளியூர்ப் பெரிய கம்பெனியின் ரொட்டி.

"தேதியைப் பாருங்க மாஸ்டர்."

கவரைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "இருபத்தொண்ணு."

"இன்னைக்கு இருபது."

"அடேயப்பா. நாளைக்குச் சுட்ட ரொட்டி. நானே இவ்வளவு தூரம் போனதில்ல."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கடைக்காரர்கள் நாளைய தேதியை முன்னால் அடுக்கி, அவள் ரொட்டியைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். நாலு அடுப்பில் இரண்டு ஏற்கெனவே அணைந்தாயிற்று. விற்பனை மேலாளர் கிரிதரன் ஒரே வழிதான் இருக்கிறது என்கிறார். தேதி குத்தும் மெஷினின் சக்கரத்தை ஒரு பல், அதாவது ஒரு நாள், முன்னால் திருப்ப வேண்டும். நாலு மணிக்குக் கவர் போடத் தொடங்குமுன் அவள் சரி என்று சொன்னால் போதும்.

"மாவுல ஒண்ணும் கலக்கல மாஸ்டர். யாருக்கும் வயிறு வலிக்கப் போறதில்ல. ஒரே ஒரு பல்லு. திருப்பலன்னா அறுபது பேரை வீட்டுக்கு அனுப்பணும்."

"ம்."

"அப்பாவா இருந்தா என்ன செஞ்சிருப்பாவ?"

மாஸ்டர் அந்த நாளைய ரொட்டியில் ஒரு துண்டு கிள்ளி, உருட்டி, முள்ளில் குத்திக் கடலில் விட்டார்.

"திருப்புனாவ," என்றார்.

"எப்ப?"

"உங்களுக்கு ஏழு வயசு. எதிர்த்தெருவுல புதுசா ஒரு பேக்கரிக்காரன் வந்தான். நாளைய தேதியைக் குத்தி வித்தான். அப்ப மெஷின் ஏது, ரப்பர் முத்திரைதான். முதலாளி ஒரு மாசம் பல்லைக் கடிச்சுட்டு இருந்தாவ. அப்புறம், 'சந்தியாகு, முத்திரையை ஒரு நாள் தள்ளி வை'ன்னாவ. வச்சேன். வியாபாரம் பறந்துச்சு. ரொட்டி ஏத்திப் போன சைக்கிள் கடைக்குப் போய்ச் சேருமுன்ன, பத்தலன்னு சொல்ல ஆள் வந்து நிப்பான்."

"சரி."

"ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழக்கிழமை வந்துச்சு. வழக்கம்போல மறுநாள் தேதியைக் குத்தி எல்லாக் கடைக்கும் போட்டாச்சு. ஒருத்தனுக்கும் உறைக்கல."

செலஸ்தீனாவுக்கு உறைத்தது. பெரிய வெள்ளிக்கிழமை அவர்கள் அடுப்புப் பற்றவைப்பதில்லை. தாத்தா காலத்திலிருந்து வருஷத்தில் அந்த ஒரு நாள் புகைபோக்கி சும்மா நிற்கும். ஊருக்கே தெரியும். அந்தத் தேதி குத்திய ரொட்டி பொய் என்று யாரும் சொல்லிவிடுவார்கள்.

"முதலாளிக்கு எங்க வச்சு உறைச்சுது தெரியுமா? சாயங்காலம் கோயில்ல, பாதம் கழுவுற சடங்குல. சாமியார் கால் கழுவுற பன்னிரண்டு பேர்ல அந்த வருஷம் அவரும் ஒரு ஆளு. காலைத் தட்டுல வச்சாவ, தண்ணி பட்டுச்சு, எழுந்து ஓடிட்டாவ. சாமியார் துண்டை வச்சுக்கிட்டுக் காலைத் தேடுதாரு. கோயில்ல இருந்து பேக்கரி வரைக்கும் ஒத்தைக் கால் ஈரத் தடம். மூணு நாள் காயல."

"சும்மா இருங்க மாஸ்டர்."

"சரி, ஒரு நாள்."

"கடைக்குப் போய்த் திருப்பி வாங்கியிருக்கலாமே."

"நானும் சொன்னேன். வீட்டுக்குப் போன ரொட்டியை எப்படி வாங்குறதுன்னாவ. அப்புறம் அவராவே சொன்னாவ. 'காலையில புகைபோக்கி புகைஞ்சா ஒருத்தனும் கேக்க மாட்டான்.' வெள்ளிக்கிழமை வேலைக்கு எவன் வருவான்? நானும் அவரும்தான்."

அந்த வெள்ளிக்கிழமைக் காலை செலஸ்தீனாவுக்குத் தெரியும். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். வீட்டில் சத்தமே இல்லை. கீழே பேக்கரி அடுப்படியில் அப்பா கை முழுக்க மாவாக நின்றார். சுடச்சுட ஒரு ரொட்டி. அவருக்குக் கண் கலங்கியிருந்தது, புகை என்றார். அப்பாவை நினைத்தாலே அவளுக்கு முதலில் வருவது அந்த ரொட்டி வாசனைதான்.

"அது ஏழைகளுக்குக் கொடுக்கச் சுட்டது," என்றாள்.

"கம்பெனி பொன்விழா மலர்ல அப்படித்தான் எழுதியிருந்திய. நான் ரெண்டு தடவை படிச்சேன். என் கதையை விட நல்லா இருந்துச்சு."

"இதுவும் உங்க காக்கைக் கதையா மாஸ்டர்?"

"காக்கையை நான் மட்டுந்தான் பார்த்தேன். புகையை நீங்களும் பார்த்திய."

ஒரு படகு சத்தம் போட்டுக்கொண்டு போனது.

"அப்புறம்?"

"ஈஸ்டர் முடிஞ்சதும் முத்திரையை அன்னன்னைக்குத் தேதிக்கே வைக்கச் சொன்னாவ. ரெண்டு வருஷம் ஒத்தை அடுப்பு. ஆளுக்கு அரை நாள் வேலை. எனக்கு அப்ப வந்த கோவத்துல தினம் ஒரு தொட்டி மாவை அடிச்சே பிசைஞ்சேன். அந்த ரெண்டு வருஷ ரொட்டி மாதிரி அப்புறம் வரல."

அவள் கைபேசி அடித்தது. கிரிதரன். அவள் எடுக்கவில்லை.

"அன்னைக்கு அடுப்படியில அப்பா உங்ககிட்ட ஏதாவது சொன்னாவளா?"

மாஸ்டர் தூண்டிலைச் சுற்றத் தொடங்கினார்.

"ஒண்ணும் சொல்லல. முதல் ரொட்டியை உங்க கையில கொடுத்தாவ. நீங்க ஒரு வாய் கடிச்சுட்டு, 'தினம் சுடுறதை விட இதுதான் நல்லா இருக்குப்பா'ன்னிய. அதுக்கப்புறந்தான் புகைன்னு சொன்னாவ."

கைபேசி அடித்து ஓய்ந்தது.