எத்தனை வாட்ஸ்

ரிஸ்வானாவுக்கு வயது முப்பத்தொன்று. அவளிடம் தொழில் கற்க வந்த அங்கமுத்துவுக்கு ஐம்பத்து மூன்று. குரு சின்னவள், சீடன் பெரியவன் என்று ஈரோட்டில் சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். மகன் பாடம் சொல்ல அப்பன் கைகட்டிக் கேட்ட கதை நம்மிடம் இல்லாததா?

அங்கமுத்து இருபத்தெட்டு வருஷம் மைக் செட் போட்டவர். கோயில் நோம்பி, கல்யாணம், கட்சிக் கூட்டம் எதுவானாலும் புளியமரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார். பக்கத்து ஊர் நோம்பிக்கு நாலு குழாய் என்றால் இவர் ஊருக்கு எட்டு. முழங்கால் மரம் ஏற மறுத்த பிறகு, வீடுகளில் ஹோம் தியேட்டர் அமைக்கும் ரிஸ்வானாவிடம் வந்து சேர்ந்தார்.

ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. குழாய்ப் பக்கத்திலேயே கிடந்து அவர் காது முக்கால்வாசி போயிருந்தது. எதிரே நிற்பவர் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வார். இது தெரிந்தால் பிழைப்பு போச்சு. காது கேட்காதவனைச் சவுண்டு வேலைக்கு எவன் வைத்துக்கொள்வான்?

பள்ளிபாளையத்தில் ஒரு வேலை வந்தது. விசைத்தறிக்காரர் சென்னியப்பன் மாடியில் நாற்பதடி நீளம், இருபத்திரண்டடி அகலத்தில் ஓர் அறை கட்டியிருந்தார். தரை முழுக்கப் பளிங்கு. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. திரைக்கு எதிரே மூன்று வரிசை நாற்காலி.

"இந்த ரூமை நீங்களே செய்யுங்கண்ணா. ஸ்பீக்கரு, ஆம்ப்ளிஃபயரு எல்லாம் உங்க இஷ்டம். சரியா வந்துட்டா அடுத்த வீட்டுக்கு நீங்க தனியாவே போலாம்," என்றாள் ரிஸ்வானா.

அங்கமுத்து அறையை மேலும் கீழும் பார்த்தார்.

"இத்தாப் பெரிய ரூமு. எத்தனை வாட்ஸ் வேணும் வாத்தியாரம்மா?"

அவள் டேப்பை எடுத்துக்கொண்டு அறையை அளக்கப் போய்விட்டாள்.

பதிலைச் சென்னியப்பன் சொன்னார். "இதுல ரோசனை என்னத்துக்கு? எங்க பங்காளி ஊட்டுல சன்னல்தான் அதுருச்சு. இங்க போட்டா ஆத்துப் பாலமே அதிரோணும்!"

"அதுர வெச்சுருவோமுங்க," என்றார் அங்கமுத்து. இருவருக்கும் அந்த நிமிஷமே ஒத்துப்போய்விட்டது.

கடையிலேயே பெரிய ஆம்ப்ளிஃபயர் வந்தது. ஆள் உயரத்துக்கு எட்டு ஸ்பீக்கர் வந்தது. உறுமுவதற்கென்றே நாலு பெட்டி வந்தது. பழக்கதோஷம், எல்லாவற்றையும் திருவிழாப் பந்தலில் வைப்பதுபோல் நாலு மூலையிலும் உயரத்தில் ஏற்றிவிட்டார் அங்கமுத்து. ரிஸ்வானா பார்த்துக்கொண்டே இருந்தாள். தடுக்கவில்லை.

வியாழக்கிழமை காலை படம் ஓடியது. சென்னியப்பனின் மனைவி மயிலாத்தாள் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். முதல் சண்டை முடிவதற்குள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்தார்.

"ஏனுங், நான் அடுப்படிக்குப் போறனுங்," என்று இறங்கிப் போய்விட்டார்.

ரிஸ்வானா படத்தை நிறுத்தினாள்.

"படத்துல கதவுகிட்டத் திரும்பி நின்னு அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு?"

"திரும்பி நின்னா எப்புடித் தெரியும்?" என்றார் சென்னியப்பன். "நான் தறிக் குடோன்ல முப்பத்தஞ்சு வருசம் நின்னவன் அம்மிணி. வாயைப் பாத்தாத்தான் எனக்குப் பேச்சு."

"நீங்க சொல்லுங்கண்ணா."

அங்கமுத்து தொண்டையைச் செருமினார். "சத்தம் பத்தலை. அதான்."

ஏற்றினார். அதே இடம் மறுபடி ஓடியது. தெரியவில்லை. இன்னும் ஏற்றினார். கண்ணாடிச் சுவர் நடுங்கியது, கீழே ஏதோ பாத்திரம் உருண்டது. அந்தப் பெண் சொன்னது மட்டும் இருவருக்கும் பிடிபடவில்லை.

கரண்டியும் கையுமாக மயிலாத்தாள் படியேறி வந்தார்.

"'தண்ணி குடிச்சுட்டுப் போ'ன்னு சொல்லுச்சு. தெருவுக்கே கேட்டுருச்சு. உங்க ரெண்டு பேருத்துக்குந்தான் செவிடன் காதுல ஊதுன சங்கு." புருஷன் பக்கம் திரும்பி, அவர் வாயைப் பார்க்கிறாரா என்று கவனித்துக்கொண்டு சொன்னார். "கண்ணாலம் கட்டுனதுலிருந்து தறிச் சத்தத்துல சைகையிலயே பேசிட்டுக் கெடந்தோம். இனியாச்சும் பக்கத்துல உக்காந்து நாலு படம் பாக்கலாம்னுதானுங் இதைக் கட்டுனீங்க? இங்கயும் தறியவே ஓட்டுனா நான் இந்தப் படி ஏற மாட்டேன். நீங்களே பாத்துக்குங்க."

சென்னியப்பனின் முகம் சுண்டிப்போனது. பாலத்தை அதிரவைக்கக் கிளம்பிய மனுஷர், மனைவி எழுந்துபோன நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

"இதைவிடப் பெரிய ஆம்ப்ளிஃபயரு ஒண்ணு இருக்குதுங்க," என்று ஆரம்பித்தார் அங்கமுத்து.

ரிஸ்வானா திரையருகே போனாள். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, சாதாரணக் குரலில் ஏதோ சொன்னாள்.

மயிலாத்தாளுக்கே வார்த்தைகள் குழம்பிக் கேட்டன.

"நான் சொன்னது கேட்டுதாண்ணா?" என்று அங்கமுத்து பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"ரூமு எதிரொலிக்குது," என்றார் அங்கமுத்து. குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

"எதிரொலிக்குது. அது நெசம். பளிங்கும் கண்ணாடியும் சத்தத்தைத் திருப்பியடிக்குது." அவள் மயிலாத்தாளிடம் திரும்பினாள். "அக்கா, வீட்டுல பவானி ஜமுக்காளம் இருக்குமா?"

பள்ளிபாளையத்தில் ஜமுக்காளத்துக்கா பஞ்சம்? ஏழு வந்தன, கூடவே நாலு மெத்தையும். பளிங்கின்மேல் விரித்தார்கள். கண்ணாடிச் சுவரில் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். திரும்பவும் அவள் சுவரைப் பார்த்து நின்று, அதே குரலில் அதையே சொன்னாள்.

மயிலாத்தாள் தலையாட்டினார். சென்னியப்பன் காதைச் சாய்த்து, "நாற்காலின்னு என்னமோ கேட்டாப்புல இருந்துச்சே," என்றார்.

அங்கமுத்துவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவமானம் கோபமாகப் பொங்கியது.

"தெரிஞ்சேதான் திரும்பி நிக்கறே."

ரிஸ்வானா அவர் பக்கம் திரும்பினாள். "மொத மாசமே தெரியுமுங்கண்ணா."

"நல்லது. அப்பக் கேட்டுக்க அம்மிணி. ஆமா, எனக்குக் காது போச்சு. களவாடப் போயிப் போகலை, ஊருக்கெல்லாம் கேக்கோணும்னு நின்னு போச்சு. நான் வெச்ச மைக்குல பேசித்தான் இந்த ஜில்லாவுல பாதிப் பேரு எலெக்சன்ல செயிச்சான். இந்தக் காதை வெச்சுட்டு நீ எதுக்குச் சவுண்டு வேலைக்கு வந்தேன்னு எவனும் என்னைக் கேக்கப்படாது. நீயும் கேக்கப்படாது. நான் போக மாட்டேன். கழுத்தைப் புடிச்சுத் தள்ளுனாலும் நாளைக்கு வந்து நிப்பேன்!"

கத்தி முடித்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. எட்டுக் குழாய்க்கு ஈடான குரல். ஆனால் கண் கலங்கியிருந்தது.

"உங்களைப் போகச் சொன்னது யாரு?"

"பின்ன, ரெண்டு தடவை திரும்பி நின்னு என்னதான் சொன்னே?"

ரிஸ்வானா அவருக்கு நேர் எதிரே வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை. உதடு தெரியும்படி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"'கடைசி நாற்காலியில போயி உக்காருங்க'ன்னு சொன்னேன். உக்காந்து கண்ணை மூடிக்குங்க. சத்தத்தை இனி ஒரு புள்ளிகூட ஏத்த மாட்டேன். ஸ்பீக்கரை மாத்துவேன், அது நிக்கற எடத்தை மாத்துவேன், வேணும்னா அந்தச் சுவரையே மாத்துவேன். அக்கா காதைப் பொத்தாம, உங்களுக்கு ஒரு வார்த்தை தப்பாமக் கேக்கற வரைக்கும் நான் இந்த வீட்டுப் படி எறங்க மாட்டேன். அன்னிக்கு எத்தனை வாட்ஸோ, அத்தனை வாட்ஸ்தான் இந்த ரூமுக்கு."