பதில் சொல்லாத புல்

மாடும் மனுஷரும் புல்லும் ஒரே பேச்சைப் பேசிய அந்தக் காலத்தில், காங்கயம் பக்கத்து மேட்டுக்காட்டு மேய்ச்சல் நிலம் ஒன்றில் புல் மட்டும் நாதியற்றுக் கிடந்தது. வேலமரத்துக்கு முள் இருந்தது. எருக்குக்குப் பால் இருந்தது. புல்லிடம் ஒன்றுமில்லை. போகிற வருகிற பூச்சியெல்லாம் அதைத்தான் கடித்தது.

மாடு மேய்வதில் மட்டும் அதற்கு வருத்தம் கிடையாது. அங்கே மேய்ந்தது நாச்சக்காளின் சாம்பல் நிற மயிலைப் பசு. புருஷன் போன பிறகு நாச்சக்காளுக்கு மிச்சம் அந்தப் பசுவும் அதன் கன்றும்தான். மயிலை நுனியை மட்டும் தின்னும், சாணி போடும், ஊர்க்கதை பேசும். புல்லுக்கு அது உயிர்த்தோழி.

ஒரு வருஷம் வானம் இருட்டுகிற அளவுக்கு வெட்டுக்கிளி வந்தது. பக்கத்துக் காடு மொட்டையாகிவிட்டது. அடுத்தது நாம்தான் என்று புல் நடுங்கிக்கொண்டிருந்தபோது பூஞ்சணம் வந்து நின்றது. சோற்றில் கண்டாலும் சுவரில் கண்டாலும் எல்லாரும் வழித்தெறிகிற ஜந்து அது. அன்றைக்கு ரொம்பப் பவ்யமாகப் பேசியது.

"அம்மிணி, உங்க அடித்தண்டுல ஒண்டிக்க எடங் குடுங்க. எங்க போனாலும் தொரத்தறாங்க. உள்ள இருந்துக்கிட்டே வெசம் காய்ச்சறேன். உங்களக் கடிச்ச பூச்சி மறுக்கா வராது."

"என்ற தோழி மயிலை தின்னா?" என்று புல் கேட்டது.

"உள்ள இருக்கறவனுக்கு ஏதுங்க கண்ணு? கடிச்சாத் தெரியும். கடிச்சது யாருன்னு தெரியாது."

வெட்டுக்கிளிகளின் இரைச்சல் வேலியைத் தாண்டிவிட்டது. மயிலை நுனிதானே தின்கிறது, அடியைத் தொடவா போகிறது, பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று புல் தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு அடித்தண்டைத் திறந்துவிட்டது. உயிர்ப்பயம் வந்தால் யாருக்கும் புத்தி இப்படித்தான் வேலை செய்கிறது.

வெட்டுக்கிளிகள் இறங்கின, அடித்தண்டுவரை கடித்தன, துப்பிவிட்டுப் பறந்தன.

"ஊரே மொட்டையாப் போச்சு, நம்ம காடு மட்டும் தப்பிச்சுதே சாமி! தின்னு கண்ணு, நல்லாத் தின்னு" என்று நாச்சக்காள் பசுவின் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். புல் அப்போதே சொல்லியிருக்கலாம். தோழி தன்னை விட்டுப் போய்விடுவாளோ என்று வாயை மூடிக்கொண்டது. மறுநாளும் சொல்லவில்லை. பயந்து கதவைத் திறந்ததை மன்னித்துவிடலாம். இதை எப்படி மன்னிப்பது?

அப்புறம் மழை பொய்த்தது. நுனியெல்லாம் தீர்ந்துபோய், பசி தாங்காத மயிலை அடித்தண்டுவரை மேய்ந்தது.

முதலில் தலை ஆடியது. பிறகு கால்கள் பின்னின. மடி வற்றியது. கன்று முட்டி முட்டிப் பார்த்துவிட்டு ஒருநாள் சுருண்டு படுத்தது. அது எழவேயில்லை.

"ஆத்தா, நெலம் ஆடுது" என்றது மயிலை.

"நெலம் ஆடலீயே கண்ணு, நீதான் ஆடற" என்று நாச்சக்காள் அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். வேறு காட்டுக்கு ஓட்டிப் போகலாமென்றால் சுற்றுவட்டாரத்தில் வேறு புல்லே இல்லை.

மயிலை விழுந்தது. மூக்கு புல்லில் பதிந்திருக்க, புஸ்ஸென்று மூச்சு விட்டுக் கேட்டது.

"உனக்குள்ள இருக்கறது யாரு?"

புல் பூஞ்சணத்திடம் கதறியது. "வெளிய போ! இப்பவே போ!"

"எங்க போறது? உன்ற வெதைக்குள்ளயும் இப்ப நாந்தான் இருக்கறேன். நான் போனா உன்ற புள்ளைகளப் பூச்சி தின்னுரும். போகட்டுமா?"

புல் போகச் சொல்லவில்லை. மயிலை இன்னும் பதிலுக்குக் காத்திருந்தது. புல் அதன் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில் அந்த மூச்சும் நின்றுவிட்டது.

"தெரிஞ்சுமா சொல்லாம இருந்த?" என்று அத்தனையும் காதில் விழுந்த நாச்சக்காள் கேட்டாள். அதற்கும் பதில் இல்லை. கழுத்துக் கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொண்டு அவள் காட்டைவிட்டே போனாள். புல் பேச்சை விட்டது அன்றைக்குத்தான்.

எந்தப் பசுவும் புல்லில் வாய் வைக்குமுன் புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டு மயிலையின் கேள்வியைக் கேட்பதும், புல் தலையைக் குனிந்துகொள்வதும் அன்று முதல்தான்.