அசலை அழித்த கீரி

நெல்லிக்காட்டு விலங்குகளுக்கு ஓர் இணையதளம் இருந்தது. குளங்களில் நட்டிருந்த அளவுக்கற்களின் கணக்கை வைத்து, எந்தக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் என்று அது சொல்லும். கோடையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் நடையைக் கட்டுவார்கள்.

அந்தப் பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் கோப்பை எழுதியது மந்தி. தாராளமாக இடம் விட்டு, வரிக்கு வரி விளக்கமும் எழுதி வைத்திருந்தது. கோப்பு பெருத்துப் போனது. மலைச்சரிவிலோ சிக்னல் குறைவு.

"திரையில வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்குது! பக்கம் திறக்கிறதுக்குள்ள நாக்கு வறண்டுடும் போல!" என்று முயல்கள் புலம்பின.

கீரிக்குக் கை சும்மா இருக்காது. "விடுங்க, நான் பார்த்துக்கறேன்!" என்றது.

வெற்றிடங்களை நீக்கியது. விளக்கங்களை வெட்டியது. நீளப் பெயர்களை ஒற்றை எழுத்தாக்கியது. மிஞ்சியதையும் அழுத்திச் சுருக்கி அனுப்பியது. கண் சிமிட்டுவதற்குள் பக்கம் திறந்தது!

"அடேங்கப்பா!" என்று காடே கொண்டாடியது. கீரிக்குத் தலைகால் புரியவில்லை. "இனி அந்த மூட்டை எதுக்கு?" என்று மந்தியின் அசல் கோப்பையும் அழித்துவிட்டது.

பத்தாம் நாள் கொக்கு பதறிக்கொண்டு வந்தது. "வடகுளத்து அளவுக்கல்லுல காட்டுப்பன்றி முதுகு சொறிஞ்சு சொறிஞ்சு, கல்லு கீழே இறங்கிடுச்சு! அங்கே வெறும் சேறுதான், அந்தச் சேறே மூணு முழக் கோட்டைத் தொடுது. பக்கமோ மூணு முழம் தண்ணின்னு காட்டுது. அதை நம்பி யானைக்கூட்டம் குட்டியோட கிளம்பிடுச்சு!"

"இறங்கின அளவைக் கழிச்சாப் போச்சு. அசலை எடு தம்பி," என்றது மந்தி.

கீரி காலால் மண்ணைக் கீறியது. "அழிச்சிட்டேன் அக்கா."

"அட கிறுக்கா!"

சுருக்கிய கோப்பைத் திறந்தார்கள். தலையும் வாலும் தெரியாத ஒரே வரி! "நான் எழுதினது எனக்கே புரியலையே! இதுல வடகுளம் எது?" என்று மந்தி விழித்தது. கீரி குத்துமதிப்பாக ஓர் எண்ணை மாற்றியது. பக்கமே வெள்ளையாகிப் போனது.

"இனி என் காலை நம்ப வேண்டியதுதான்!" கீரி ஓட்டமெடுத்தது. முள், பாறை எதையும் பார்க்கவில்லை. குளத்துக்குச் சற்று முன்னால் யானைகளைப் பிடித்துவிட்டது. மூச்சு வாங்கியது.

பெரிய யானை குனிந்தது. "எல்லாத்தையும் சுருக்குறவராச்சே! இதையும் சுருக்கமாச் சொல்லுங்க!"

"வடகுளம் சேறு! ஆத்துக்குப் போங்க!"

கூட்டம் திரும்பியது. ஆற்றில் தும்பிக்கை நிறைய உறிஞ்சிய குட்டி, முதலில் கீரியின் தலையில்தான் பீய்ச்சியது.

பிறகு மந்தியும் கீரியும் நாலு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் புதிதாக எழுதினார்கள். சுருக்கிய கோப்பு காட்டுக்குப் போனது. அசல் மந்தியின் மரத்திலேயே தங்கியது. அதில் ஒரு விளக்கம் கீரி எழுதியது: "கல்லைப் போய்ப் பார்த்துட்டு இந்த எண்ணை மாத்து. பன்றி மறுபடியும் வரும்!"

வேகத்துக்காகச் சுருக்கியதை ஊருக்கு அனுப்பலாம்; திருத்துவதற்கு வேண்டிய அசலை ஒருபோதும் அழிக்கக் கூடாது.