சென்னியப்பன் பூட்டிய கணினி

கோபிசெட்டிபாளையத்தில் பூங்கோதை நடத்தும் டி.டி.பி. நிலையத்தின் கணினி, ஆடி மாதம் பதினெட்டாம் நாள் முதல் நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை சூடேறித் தானாக அணைந்துகொண்டிருந்தது. ஆவணி முகூர்த்தங்களுக்கான பதினான்கு அழைப்பிதழ்களும், அமிர்தவல்லி டீச்சரின் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்க ஆய்வேடும் அதனுள் இருந்தன. உள்ளிருக்கும் உறுப்புகளை மாற்றியாக வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. எவற்றை வாங்குவது என்பதே கேள்வி. அச்சகக்காரர் மாரப்பன் காகிதம் எடுப்பதற்காக அன்று மூன்று மணிப் பேருந்தில் கோயமுத்தூர் புறப்படுகிறார். அதற்குள் பட்டியலைக் கொடுத்தால் மறுநாள் காலையில் பொருள்கள் வந்துவிடும். தவறான பட்டியலைக் கொடுத்தால் பதினான்கு அழைப்பிதழ்களும் பக்கத்துத் தெருக் கடைக்குப் போய்விடும்.

இரண்டேகால் மணிக்கு, பட்டியலுக்காக மாரப்பனும் ஆய்வேட்டுக்காக டீச்சரும் கடையில் காத்திருந்தபோது, சென்னியப்பன் வந்தார். அவர் பூங்கோதையின் பெரியப்பா மகன். தம் தோட்டத்து வீட்டில் சொந்தக் கையால் உறுப்புகளைச் சேர்த்து ஒரு கணினியைப் பூட்டி வைத்திருப்பதாக இரண்டு வருடங்களாகச் சொல்லிவருகிறார். அதைக் கண்ணால் கண்டவர் ஊரில் எவரும் இல்லை.

"லிஸ்ட்டு எழுதறயாமா? பேனாவ இப்படிக் குடு, அம்மிணி," என்றார், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே.

குடும்பத்தின் மூத்தவரிடம் முடியாது என்று சொல்லும் வழக்கம் அவ்வீட்டில் இல்லை. பூங்கோதை அப்படிச் சொல்லவும் இல்லை; பேனாவைக் கொடுக்கவும் இல்லை.

"உங்க மெஷினுக்கு எப்படிப் பொறுக்குனீங்கன்னு ஒவ்வொண்ணாச் சொல்லுங்ணா. நான் எழுதிக்கறேன். கேக்கறதுக்குச் சரியா இருந்துதுன்னா பேனாவும் உங்களுக்குத்தான், நாளைக்குப் பெட்டியத் தொறக்கறதும் நீங்கதான்."

அச்சுப்பிழையால் வீணான ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திருப்பிப் போட்டு, அதன் வெற்றுப் பக்கத்தில் எழுத ஆயத்தமானாள். சென்னியப்பன் நாற்காலியில் அமர்ந்து துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"மொதல்ல சிப்பு. அதுதான் ப்ராசசரு. கடைக்காரரு நாலு எடுத்து வெச்சாருங். இதுல வேகம் எதுங்கன்னேன். ஒண்ணத் தொட்டுக் காட்டுனாரு. இதுக்கு மேலன்னேன். மனுசன் உள்ள போயி, சாமி கும்பிட்டுட்டு, ரெண்டு கையிலயும் ஏந்திட்டு வந்தாருங். 'இத யாருக்கும் குடுக்கறதில்லீங், வாங்கறவரு நெஞ்சு திடமான ஆளா இருக்கோணும்'னாரு. கொண்டாந்து பூட்டுனேன். பொத்தான அமுக்குன நிமிசம், நான் என்ன வேலை சொல்லப்போறேன்னு அதாவே தெரிஞ்சுட்டு, செஞ்சு முடிச்சுட்டு, அணைஞ்சுக்கும்."

"திரையில் எதுவும் தெரிவதற்கு முன்பேயா?" என்று டீச்சர் கேட்டார்.

"தெரியறதுக்கு நேரமேதுங், டீச்சர்? அதுவாச்சும் புதுசுல. இப்பப் பழகிருச்சு. காலையில அமுக்குனா, நேத்துச் சாயங்காலமே வேலைய முடிச்சிருக்கும்."

"அப்புறம் எதுக்குங்ணா காலையில அமுக்கறீங்க?" என்றார் மாரப்பன்.

"ஒரு மரியாதைக்குத்தான், மாரப்பா."

பூங்கோதை ஒரு வரி எழுதினாள். "அடுத்ததுங்ணா?"

"ராம். அதுதான் ஞாபகசக்தி. ஒண்ணு போதும்னாரு கடைக்காரரு. நான் நாலு போட்டேன். அங்கதான் கொஞ்சம் அளவு மீறிப்போச்சு. மொதல் வாரம் நான் மறந்ததெல்லாம் அது சொல்லுச்சு. ரெண்டாவது வாரம் எங்கப்பா மறந்ததெல்லாம் சொல்லுச்சு. மூணாவது வாரம், பக்கத்துத் தோட்டத்துப் பழனியப்பனோட தாத்தன் எங்க தாத்தன்கிட்ட எரவல் வாங்குன மம்பட்டிய எந்த வேப்பமரத்தடியில போட்டாருன்னு சொல்லுச்சுங். போயித் தோண்டுனேன். இருந்துது."

"மம்பட்டியா?"

"மம்பட்டி இல்ல, அதோட பிடி. எரும்பக் கரையான் தின்னுபோட்டிருந்துது."

"கரையான் மரத்தைத்தான் தின்னும்," என்றார் டீச்சர். "இரும்பைத் தின்னாது."

"நீங்க பொஸ்தகத்துல படிச்ச கரையானச் சொல்றீங். நான் எங்க தோட்டத்துக் கரையானச் சொல்றனுங். அதனால பழனியப்பன் என்கூடப் பேச்ச நிறுத்திட்டான். ஊருக்குள்ள பகை வேண்டாம்னு நாலு ராமையும் கழட்டி, அரிசி ட்ரம்முக்குள்ள போட்டு மூடி வெச்சிருக்கறேன்."

"நினைவகமே இல்லாமலா அந்தக் கணினி ஓடுகிறது?"

"பழக்கத்துல ஓடுதுங்."

பூங்கோதை முகத்தை நிமிர்த்தாமல் இன்னொரு வரி எழுதினாள். சென்னியப்பன் பேனாவுக்காகக் கையை நீட்டினார். அவள் தாளை நகர்த்திக்கொண்டாள். "ஃபேனச் சொல்லுங்ணா. சூடுதான் எனக்குப் பெரிய பாடா இருக்குது."

"கேட்டயே, அதுதான் கேள்வி! இவங்க விக்கற ஃபேனெல்லாம் வெசறிக்குக்கூடப் பத்தாது. நான் போட்டது ஒம்பது ரெக்கை. தென்னந்தோப்பப் பாக்க வெச்சுத் தெரியாத்தனமா ஓட்டிட்டனுங். நூத்தி நாப்பது மரத்துல ஒரு காய் நிக்கல. குரும்பையும் போச்சு. சரி, வானத்தப் பாக்க வெப்போம்னு திருப்பி வெச்சேன். சத்தியமங்கலத்து மலை மேல போயிட்டிருந்த மேகம் அப்படியே திரும்பி இக்கட்டால, கோபிப் பக்கமா வந்துருச்சு. சித்திரை மாசம் பன்னெண்டாந்தேதி கோபியில மழை கொட்டுச்சே, ஞாபகம் இருக்குதா?"

"இருக்குதுங்ணா," என்றார் மாரப்பன். "ஏழு ரீம் காகிதம் நனைஞ்சுபோச்சு."

"அதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன், மாரப்பா. வேணும்னு செய்யல." அவர் கைகூப்பவும் செய்தார். மாரப்பன் பதிலுக்குக் கைகூப்பிவிட்டு, ஏன் கூப்பினோம் என்று யோசித்தார். "அன்னியிலிருந்து ரெக்கையில மாட்டுக் கயித்தப் போட்டு, ஜன்னல் கம்பியில கட்டி வெச்சிருக்கறேன். அசையாது."

"ரெண்டே முக்காலு ஆவப்போவுதுங்க்கா," என்று மாரப்பன் பூங்கோதையிடம் சொன்னார்.

"இருப்பா. ஒம்பது ரெக்கைக்கும் கரண்டு வரோணுமல்ல? அதுக்குத்தான் எஸ்.எம்.பி.எஸ்.ங்கற டப்பா. மாசத்துல ஒரு நாள், காலையில ஒம்பது மணியிலிருந்து சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் பராமரிப்புப் பணின்னு ஊருக்கே கரண்ட நிறுத்தறாங்கல்ல?"

"ஆமாங்."

"பராமரிப்பும் இல்ல, பணியும் இல்ல. அன்னிக்குத்தான் நான் மெஷின ஆன் பண்றது."

மேசை விசிறி இருபுறமும் தலையைத் திருப்பி எல்லாரையும் பார்த்துக்கொண்டது.

"ஊரில் மின்சாரம் இல்லாத நாளில் உங்கள் வீட்டுக்கு மட்டும் எப்படி வருகிறது?" என்றார் டீச்சர்.

"என்ற ஊட்டுக்கு வந்தர்றதுனாலதானுங் ஊர்ல இல்ல."

அமிர்தவல்லி டீச்சர் தம் ஆய்வேட்டில் நானூற்றுப் பதினேழு அடிக்குறிப்புகள் எழுதியவர். ஒரு கூற்றை மறுப்பதற்கு வேண்டிய பிடி எங்கிருக்கிறது என்று தேடிப் பார்த்தார். இந்தக் கூற்றில் பிடி இருக்கவில்லை. கரையான் தின்றிருக்கக்கூடும்.

"கடைசியா கிராபிக்ஸ் கார்டு," என்று சென்னியப்பன் தொடர்ந்தார். "படத்த அச்சு அசலாக் காட்டறது. மத்தவங்க பொம்மையா இருக்கறதக் காட்டற கார்டு வாங்குவாங்க. நான் உசுரோட காட்டறத வாங்குனேன். ஆசைக்கு ஒரு யானை படத்தத் திரையில வெச்சேன். விடிஞ்சு பாத்தா, மூணு ஏக்கர் கரும்புல ஒண்ணேகால் ஏக்கரு காணோம். வரப்புல சொளவு சொளவா, மொறத்தளவுக்குக் கால்தடம். வனத்துறைக்காரரு வந்து பாத்துட்டு, 'இந்த யானை எங்க கணக்குல இல்லீங்களே'ன்னாரு. யானைய எடுத்துட்டு மானை வெச்சேன். அவரை, பாசிப்பயறு, ஒண்ணு மிச்சமில்ல. சரின்னு ஒரு கைக்கொழந்தை படத்த வெச்சேன்."

"என்னாச்சுங்ணா?"

"ராத்திரி பூராம் ஊட்டுல யாரும் தூங்கல. அதுக்கப்புறம் ஒண்ணுமே வெக்கறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். இப்பத் திரை சுத்தக் கறுப்பு." அவர் மீண்டும் கையை நீட்டினார். இம்முறை உள்ளங்கை பேனாவுக்கு நான்கு விரற்கடை தூரத்தில் இருந்தது. "குடு அம்மிணி. இதே மாதிரி உனக்கும் எழுதித் தர்றேன். மாரப்பனுக்கு நேரமாச்சு."

பூங்கோதை பேனாவை மூடவில்லை. எழுதியதை, வாடிக்கையாளருக்குப் பிழை பார்த்துச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

"பொத்தானை அழுத்தியதும் அணைந்துவிடுகிறது. ராம் நான்கும் அரிசி ட்ரம்மில் இருக்கின்றன. ஃபேன் ஜன்னலோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. ஊரில் கரண்ட் இல்லாத நாளில் மட்டும் ஆன் செய்யப்படுகிறது. திரை கறுப்பு." தாளிலிருந்து கண்ணை எடுத்தாள். "சரியா எழுதியிருக்கனுங்ளாணா?"

"ஒரு பிழை இல்ல, அம்மிணி," என்றார் சென்னியப்பன், பெருமையுடன்.

"ஒண்ணே ஒண்ணு விட்டுப்போச்சு. சிப்புக்கு மேல ஃபேன வெக்கறதுக்கு முன்னால பேஸ்ட்டு வெச்சீங்களா?"

"வெக்காம இருப்பனா? கடைக்காரரு படிச்சுப் படிச்சுச் சொன்னாரல்ல."

"என்ன பேஸ்ட்டுங்ணா?"

"கிராம்பு போட்டதுதான். நம்மூட்டுல வேற பேஸ்ட்டு எப்ப வாங்கியிருக்கறோம்?"

"எவ்வளவு வெச்சீங்?"

"காலையில ஒருக்கா. படுக்கப்போறப்ப ஒருக்கா."

சிப்பின் சூட்டை ஃபேனுக்குக் கடத்துவதற்காக இடையில் தடவும் சாம்பல்நிறப் பசை ஒன்று உண்டு. கடைகளில் அதற்கும் பேஸ்ட் என்றுதான் பெயர். ஒருமுறை தடவினால் வருடக்கணக்கில் போதும். பல் விளக்குவதற்கும் அதற்கும் தொடர்பு இல்லை. மாரப்பன் கூரையைப் பார்த்தார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்து, துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

பூங்கோதை சிரிக்கவில்லை. கீபோர்டுக்கு அடியிலிருந்து, காலையிலேயே எழுதி வைத்திருந்த வேறொரு வீணான பத்திரிகையை எடுத்தாள். அதில் ஓர் எண்ணை மட்டும் அடித்துத் திருத்தி மாரப்பனிடம் நீட்டினாள். மாரப்பன் வாசலில் நின்று வாசித்துச் சரிபார்த்தார்.

"ப்ராசசர் ஒண்ணு. மதர்போர்டு ஒண்ணு. ராம் ரெண்டு. ஃபேன் ஒண்ணு. எஸ்.எம்.பி.எஸ். ஒண்ணு. சிப்புக்குப் பேஸ்ட்டு, ட்யூப்பு ரெண்டு." அவர் நிமிர்ந்தார். "ஒரு மெஷினுக்கு ரெண்டு ட்யூப்பு எதுக்குங்க்கா?"

"ஒண்ணு அண்ணனுக்கு."

மாரப்பன் பட்டியலோடு பேருந்துக்கு விரைந்தார். சென்னியப்பன் எழுந்தார். துண்டை உதறினார். வாசல்படியில் செருப்பைத் தேடி வலதுகாலை நுழைத்தார், பிறகு இடதுகாலை. மாரப்பன் தெருமுனை வரைக்கும் போகட்டும் என்று காத்திருந்ததைப் போலத் திரும்பி, தங்கையைப் பரிவோடு பார்த்தார்.

"ஒரு ட்யூப்பு எந்த மூலைக்கு, அம்மிணி? என்ற சிப்பு ஒண்ணரை ஏக்கரு."