கோலி நின்ற ஒரு நொடி

ஆசானுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு நாற்பத்தேழு.

ஜெசிந்தா டீச்சர் அந்தக் கடற்கரைத் துறை ஊர்களின் கால்பந்துப் போட்டிகளுக்கெல்லாம் நடுவர். ததேயுஸ் கீழத்துறை அணிக்கு இருபது வருடம் கோல் காக்கும் கோலியாக நின்றவர். முழங்கால் போன பிறகு, கோட்டோரம் கொடி பிடிக்கும் வேலையை டீச்சரிடம் கற்க வந்தார்.

திருவிழாப் போட்டியின் அரையிறுதியில் தகராறு வந்தது. ஒருவன் தூரத்திலிருந்து அடித்த பந்து நேராகக் கோலுக்குள் போனது. அப்போது அவனுடைய அணிக்காரன் ஒருவன், தடுப்பவர்களையெல்லாம் தாண்டி ஆஃப்சைடில், மறுபக்கக் கம்பத்தருகே குனிந்து காலுறையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். ததேயுஸ் கொடியைத் தூக்கினார்.

டீச்சர் ஓடி வந்தார்.

"அங்க நின்னவர் கோலியை என்ன செஞ்சாரு, அண்ணே?"

"ஆஃப்சைடுல நிக்கான்லா?"

"அது எனக்கும் தெரியும்."

டீச்சர் கோல் என்று கை காட்டிவிட்டார்.

"கொடிய எறக்கும், ஓய்! துணி காயப் போடவா வந்தீரு?" என்றது கூட்டம்.

சாயங்காலம் விழாக் கமிட்டித் தலைவர் டீச்சரைக் கூப்பிட்டார். இறுதிப் போட்டியில் கீழத்துறை ஆடுகிறது. அதற்குக் கீழத்துறைக்காரரே கொடி பிடிப்பதில் புதுமை இல்லை, இங்கே நடுவர் எல்லாருமே ஏதாவது ஒரு துறைக்காரர்தான். ஆனால் ததேயுஸ் இன்னொரு தடவை பிசகினால் இனி எந்தத் துறையிலும் அவருக்குக் கொடி கிடையாது என்றார்.

மறுநாள் காலை ததேயுஸ் மைதானத்துக்கு வந்தார்.

"ஒரு சந்தேகம், டீச்சர். ஆஃப்சைடுல நிக்கது தப்பா, தப்பில்லியா?"

"கோல்ல போய் நில்லுங்க."

இன்னொரு நடுவரான வில்பிரட் பந்தை அடித்தார். டீச்சர் கம்பத்தருகே சும்மா நின்றார். ததேயுஸ் பாய்ந்து பிடித்தார்.

"நான் கையைக் கட்டியிருந்தேனா, தொங்கவிட்டிருந்தேனா?"

"நான் பந்தப் பாக்கவா, ஒங்க கையப் பாக்கவா?"

டீச்சர் இடம் மாறி, பந்து வரும் வழிக்குப் பக்கத்தில் நின்றார். வில்பிரட் மறுபடி அடித்தார். பந்து அருகே வந்ததும் டீச்சர் காலை வீசினார். காலில் படவில்லை. பந்து வலைக்குள் போனது. ததேயுஸ் நின்ற இடத்திலேயே நின்றார்.

"ஏன் பாயல்ல?"

"நீங்க திருப்பி விடுவீங்கன்னு நெனச்சேன்."

"தொட்டேனா?"

"இல்ல."

ததேயுஸ் வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்து வந்தார்.

"அப்ப சும்மா நிக்கது தப்பில்ல, கோலிய நிக்க வச்சாத்தான் தப்பு. எனக்க பழக்கம், டீச்சர். கோலியா நிக்கும்போ தடுக்கவனுக்குப் பின்னால எவன் தெரிஞ்சாலும் ஆஃப்சைடுன்னு கையத் தூக்கிக் கத்துவேன். கொடி கெடச்ச பொறகும் அதையேதான் செய்யேன்."

"அடுத்த பந்து," என்றார் டீச்சர்.

அன்று வெயில் ஏறும்வரை அடித்தார்கள்.

சனிக்கிழமை டீச்சர் கொடுத்த இறுதிப் போட்டி நடுவர் பட்டியலில் ததேயுஸின் பெயர் இருந்தது.

"யோசிச்சுத்தானா, டீச்சர்?" என்றார் தலைவர்.

"அதுக்கு மேல என் பேரும் இருக்கு. பாருங்க."

இறுதிப் போட்டியின் கடைசி நிமிடம். கீழத்துறை ஒரு கோல் பின்னால் இருந்தது. கோல் முன்னால் ஒரே நெரிசல். கீழத்துறைக்காரன் ஒருவன் அடித்த பந்து உயரமாக வந்தது. வேண்டுதலுக்கு மொட்டை போட்டிருந்த அவர்களுடைய முன்கள ஆட்டக்காரன் துள்ளித் தலையை வீசினான். பந்து அவனைத் தாண்டி வலைக்குள் விழுந்தது.

கீழத்துறை முழுவதும் மைதானத்துக்குள் ஓடி வந்தது.

ததேயுஸ் உடனே கொடியைத் தூக்கவில்லை. ஒரு மூச்சு நேரம் எதிரணிக் கோலியையே பார்த்தார். பிறகு தூக்கினார்.

டீச்சர் வந்தார்.

"ஆஃப்சைடா?"

"ஆஃப்சைடு."

"தொட்டாரா?"

"தொடல்ல. தலைய வீசுனான். கோலி ஒரு நொடி நின்னுட்டான். பொறவுதான் பாஞ்சான்."

டீச்சர் விசில் ஊதிக் கோலை ரத்து செய்தார்.

"ஓய் ததேயு! அவனுக்க முடியிலகூட படல்ல!"

"மொட்டைக்கு ஏதுலே முடி!" என்று எதிரணிக்காரர் சிரித்தார்.

கீழத்துறை தோற்றது. ததேயுஸின் சொந்த மச்சான் அவர் காலடியில் துப்பிவிட்டுப் போனார். ததேயுஸ் கூட்டத்தைத் தவிர்த்துச் சுற்றி வரவில்லை. கொடியைச் சுருட்டி, தன் ஊர்க்காரர்களின் நடுவே, தலையைக் குனியாமல் நடந்து வந்தார்.

டீச்சர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். ததேயுஸ் எதிரே வந்து நின்றார்.

"டீச்சர், கோலி நின்னத நீங்களும் பாத்தீங்கல்லா?"

"இல்லண்ணே. எனக்கு முன்னால நாலு பேர் நின்னாங்க. கோலி தெரியவே இல்ல."

"பின்ன எப்பிடி விசிலு ஊதுனீங்க?"

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க பாத்துட்டீங்கல்லா."