செங்கோடனுக்குத் தொண்ணூற்றைந்து

"குருவே, உங்க விளையாட்டு கள்ளாட்டம் ஆடுது."

பூவலிங்கம் தலை ஈரம் காயாமல் வந்து நின்றார்.

குரு நிமிர்ந்து பார்த்தாள்.

குருவின் பெயர் நிறைமதி. சீடருக்கு மகள் வயது. மாடியில் ஒற்றை அறை, ஒரு கம்ப்யூட்டர், சுற்றும்போதெல்லாம் முனகும் ஒரு மின்விசிறி. அதுதான் மடம். 'கோட்டை முற்றுகை' என்ற விளையாட்டை அவள் ஒருத்தியே உட்கார்ந்து உருவாக்கியிருந்தாள். அதில் உதை வாங்கி அழுதவர்கள் எல்லாரும் சேர்ந்து அவளுக்கு வைத்த பெயர்தான் குரு.

"தலையில என்ன சார் ஈரம்?"

"முழுகிட்டு வாரேன். செங்கோடன் செத்துட்டான்."

குரு ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள்.

செங்கோடன், பூவலிங்கத்தின் படையில் வில்லாள். முதல் கோட்டைக்கு வந்தபோது வில்லைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்ற பயல். பூவலிங்கம்தான் பேர் வைத்தார். கோட்டை கோட்டையாகக் கூட்டிப்போய் ஆளாக்கினார். காலையில் இட்லி சாப்பிடும்போது, "நேத்து செங்கோடன் என்ன செஞ்சான் தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். யாரோ தூரத்துச் சொந்தம் என்றே அவர் மனைவி வெகுநாள் நம்பியிருந்தாள்.

அந்த விளையாட்டு இப்படி: ஒரு முறை நீ நகர்த்துவாய், ஒரு முறை எதிரி நகர்த்துவான். அம்பு விடுமுன், அது பட நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று திரை சொல்லிவிடும். செத்தவன் செத்தவன்தான்.

"தொண்ணூத்தஞ்சுன்னு போட்டிருந்துச்சு குருவே! எதிரி எதிர்த்தாப்ல நிக்கான். நடுவுல ஒரு புல்லு கூட இல்ல. அம்பு எங்க போச்சு தெரியுமா? காக்கா அடிக்கப் போயிட்டு. அவன் திரும்பி ஒரே குத்து. என் பய போயிட்டான்."

"மிச்சம் அஞ்சு இருக்கே சார்."

"அந்தக் கணக்கெல்லாம் எங்கிட்ட வேண்டாம். முப்பது வருசம் கபடி நடுவரா நின்னவன் நான்."

அது சத்தியம். தென்காசிப் பக்கம் அவர் ஊதாத மைதானம் இல்லை. இறுதி ஆட்டத்தில் அவர் தீர்ப்புச் சொல்லி வாயை மூடுமுன் செருப்பு பறந்து வரும். பூவலிங்கம் அசையமாட்டார். ஆட்டம் முடிந்ததும் குனிந்து பொறுக்கிக்கொள்வார். வீட்டுப் பரணில் ஒரு சாக்கு நிறைய இருக்கிறது. எல்லாம் ஒற்றைச் செருப்பு. மகளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கே இறக்கிக் காட்டியவர்.

"நேரா ஊதினவனுக்குக் கிடைச்ச மெடலு" என்பார்.

இப்போதும் சட்டைப்பையில் விசில் இருந்தது. அதைத் தொட்டுக்கொண்டு சொன்னார்.

"ஒரு பக்கமா ஊதுத நடுவரை நான் மோந்தே கண்டுபிடிச்சிருவேன். உங்க விளையாட்டு ஒரு பக்கமா ஊதுது. உண்டா, இல்லையா?"

"உண்டு" என்றாள் குரு.

அவர் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த மீதி வசனம் முழுதும் தொண்டையிலேயே நின்றுபோயிற்று.

"என்னது?"

"ஒரு பக்கமாத்தான் ஊதுது."

"யார் பக்கம்?"

குரு விரலை நீட்டினாள்.

பூவலிங்கம் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது.

"நானா?"

"திரையில எழுபதுன்னு காட்டினா உள்ள எண்பத்தஞ்சு. உங்க அம்பு ரெண்டு தடவை தவறினா மூணாவதைத் தவற விடமாட்டேன். உங்க ஆளு குத்துயிராக் கிடந்தா எதிரிக்குக் கை நடுங்கும். நான்தான் நடுங்க வைக்கேன்."

"அப்போ நான் பிடிச்ச கோட்டை எல்லாம்?"

மின்விசிறி முனகியது.

பூவலிங்கம் தரையில் உட்கார்ந்தார். கேட்கக்கூடாததைக் கேட்கிறவர்போலக் கேட்டார்.

"செங்கோடன் கடைசியா விட்ட அம்பு. திரையில தொண்ணூத்தஞ்சு. உள்ள?"

"தொண்ணூத்தொம்பது."

அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, எதுக்கு இப்படிச் செஞ்ச? என் ஆயுசுல ஒரு தடவை கூட ஒரு பக்கமா ஊதினதில்ல. எனக்கு ஒரு பக்கமா ஊதி வச்சிருக்கியே!" குருவே என்பது ஏம்மா ஆகிப்போனதை அவர் கவனிக்கவில்லை.

"நேரா வச்சுக் காட்டவா சார்?"

"காட்டு. அந்தக் கோணலைப் பிடுங்கித் தூரப் போடு."

"செங்கோடனைத் திருப்பித் தாரேன். ஒரே ஒரு கோட்டை. உயிரோட வெளிய வந்தான்னா உங்க பிள்ளை. இல்லைன்னா…"

"செத்தவன் செத்தவன்தான். தெரியும்."

நடுவர் என்றால் ஆட்டத்துக்கு முன் மைதானத்தைச் சோதிக்க வேண்டாமா? பூவலிங்கம் சோதித்தார். அம்பு படுமா படாதா என்று தீர்மானிக்க உள்ளே உருளும் பகடையை ஓயாமல் உருட்டச் சொன்னார். தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே வந்தார். குரு டீ போட்டாள். டீ ஆறிற்று. அறைத் தரை முழுக்க வெள்ளைக் கோடு. சாயங்காலம் எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"சுத்தம். ஒரு மயிரிழை கூட எந்தப் பக்கமும் சாயல."

விசிலை எடுத்து அவரே ஊதினார்.

ஆட்டம் ஆரம்பம்! ரசிகப் பெருமக்களே, இதோ பூவலிங்கம் அணி களம் இறங்குகிறது. வில்லாள் செங்கோடன் முன்னே வருகிறான், பாருங்கள் அந்த நடையை!

முதல் அம்பு. எழுபது. தவறியது.

"பரவால்ல" என்றார் பூவலிங்கம்.

இரண்டாவது அம்பு. எழுபது. தவறியது.

"அதுக்கென்ன."

மூன்றாவது அம்பு. எண்பது. அது எப்படியும் பட்டுவிடும் என்று அவர் உடம்புக்கே பழகியிருந்தது. விட்டதுமே பாதிக் கையைத் தட்டிவிட்டார்.

தவறியது.

எதிரிக்குக் கை நடுங்கவில்லை. ஈட்டிக்காரன் விழுந்தான். கேடயக்காரன் விழுந்தான். குத்துயிராக ஊர்ந்த வைத்தியனை ஒருத்தன் நின்று நிதானமாக முடித்துவிட்டுப் போனான். பூவலிங்கத்தின் வாய் திறந்தபடியே இருந்தது.

கடைசியில் இங்கே செங்கோடன். அங்கே ஒரே ஒருவன், அவனும் பாதி உயிரோடு. எதிர்த்தாற்போல நிற்கிறான். நடுவில் ஒரு புல்லு கூட இல்லை.

தொண்ணூற்றைந்து.

"ஏ செங்கோடா" என்றார் பூவலிங்கம், மெதுவாக. "அய்யா இங்கதான் இருக்கேன்ல."

அம்பு போயிற்று. வானத்துக்கு.

எதிரி முறை. அவனுக்குப் பத்து. வெறும் பத்து.

பட்டது.

செங்கோடன் வில்லைப் பிடித்தபடியே சாய்ந்தான். கடைசியில் வில்லைச் சரியாகத்தான் பிடித்திருந்தான்.

"கள்ளாட்டம்!"

அறை அதிர்ந்தது.

"களவாணிப் பயலுவ! எவன்கிட்ட கை நீட்டி வாங்கின? நடுவரை மாத்து! நடுவரை மாத்துல!"

எப்போது எழுந்தார், எப்போது வாசலுக்குப் போனார், எப்போது குனிந்தார் என்று அவருக்கே தெரியாது. இரண்டு முழத் தூரத்தில் திரை. நடுவில் ஒரு புல்லு கூட இல்லை.

செருப்பு திரையைத் தவறி, சுவரில் மோதி, சாக்பீஸ் கோடுகளின் மேல் விழுந்தது.

சத்தம் அடங்கியது. பூவலிங்கத்தின் கை இன்னும் தூக்கியபடியே இருந்தது.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்.

குரு எழுந்தாள். செருப்பை எடுத்தாள். ஒட்டியிருந்த வெள்ளையைத் தட்டினாள். இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.

பூவலிங்கம் வாங்கவில்லை.

"குருவே" என்றார். "இந்த வீட்ல பரண் இருக்கா?"