மூன்று ராஜாக்கள் செய்துகொண்ட சீர்

ஆற்றுநாட்டு ராஜா கனகராயனுக்கு வெளியில் எதிரி என்று ஒருவரும் இல்லை. அவருக்கு வாய்த்த தலைவலி வீட்டுக்குள்ளேயே இருந்தது. பெயர் உத்தண்டன், மகாராணியின் தம்பி. ராணி கேட்டாளே என்று அவனை நல்ல விளைச்சலுள்ள ஊர்களுக்கெல்லாம் தலைவனாக்கினார். அவனோ ஊர்க் களஞ்சியத்தைத் தன் வீட்டு அடுக்களை என்றே நினைத்துவிட்டான்.

பொறுத்துப் பார்த்த ஜனங்கள் மாடு கன்றுகளை ஓட்டிக்கொண்டு மலைநாட்டுக்குக் கிளம்பினார்கள். எல்லைக்குப் போனால், மலைநாட்டு ஜனங்கள் மூட்டை முடிச்சோடு எதிரே வருகிறார்கள்! அங்கே அந்நாட்டு ராணியின் அண்ணன் தலைவனாம். சரி, கடல்நாட்டுக்குப் போகலாம் என்றால் அங்கிருந்தும் ஒரு கூட்டம் வந்துகொண்டிருந்தது. அங்கே அந்நாட்டு ராணியின் சித்தப்பாவாம். இப்படி எல்லாரும் நடந்துகொண்டே இருந்தால் யார் உழுவது? மூன்று நாட்டிலும் வயல்கள் தரிசாகக் கிடந்தன.

வேறு வழியில்லாமல் மூன்று ராஜாக்களும் கூடிப் பேசுவதாக முடிவாயிற்று. கிளம்புமுன் கனகராயன், சாமர்த்தியத்துக்குப் பேர்போன மந்திரி மயிலேறியைக் கூப்பிட்டார்.

"மயிலேறி, ஊர்த் தலைவரை ஊராரே குடவோலை போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று நாடும் இதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும். அது உமது பொறுப்பு."

"நல்ல காரியம், மன்னா!"

"ஆனால் என் நாட்டில் நான் கடுகளவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். உத்தண்டனை நான் தொட்டால் ராணி என்னை அந்தப்புரத்து வாசலில் நிறுத்திவிடுவாள். உடன்பாடு வராவிட்டாலும் சரி, நான் எதையாவது விட்டுக்கொடுக்கும்படி ஆனாலும் சரி, நீர் ஆற்றுநாட்டுக்குள் கால் வைக்க வேண்டாம்."

மயிலேறி தலையைச் சொறிந்தார். பாவம், அவருக்கு இருந்தது ஒரே ஒரு வீடு. அதுவும் ஆற்றுநாட்டில்தான் இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனித்துக்கொண்டார். உத்தண்டன் என்று சொல்லும்போது ராஜா பெருமூச்சு விட்டார்.

கூட்டம் கூடியது. பேச்சென்றால் பேச்சு, அப்படியொரு பேச்சு!

"குடவோலை மிக நல்ல முறை. கடல்நாட்டுக்கு அவசியம் வேண்டும்" என்றார் மலைநாட்டு ராஜா.

"ஆற்றுநாட்டில் உடனே தொடங்கலாமே!" என்றார் கடல்நாட்டு ராஜா.

"முதலில் மலைநாடு தொடங்கட்டும், நாங்கள் பார்த்துப் பழகிக்கொள்கிறோம்" என்றார் கனகராயன்.

நீங்கள் முதலில், நீங்கள் முதலில் என்று உபசாரம் நடந்ததே தவிர, ஒருவரும் அசையவில்லை. வெயில் ஏறியது, இறங்கியது. மயிலேறிக்குத் தன் வீடு கண்ணெதிரே வந்து வந்து போயிற்று. எழுந்து கும்பிட்டார்.

"அரசர் பெருமக்களே, பேச்சு இருக்கட்டும். பிரியும் நேரத்தில் ஒருவருக்கொருவர் சீர் செய்வது வழக்கமல்லவா?"

"ஆமாம், யானைகள் கொண்டுவந்திருக்கிறோம்" என்றார்கள்.

"யானை எதற்கு? தீனி போட்டு மாளாது. இந்த முறை ஒவ்வொருவரும் பக்கத்து நாட்டுக்கு எந்தச் சீர்திருத்தம் வேண்டுமென்று நினைக்கிறீர்களோ, அதையே சீராகக் கொடுத்துவிடுங்களேன். உங்கள் நாட்டில் நீங்கள் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை."

மூன்று ராஜாக்களுக்கும் வாயெல்லாம் பல்! அடுத்தவனைத் திருத்துவது என்றால் கசக்குமா?

மலைநாட்டு ராஜா முந்திக்கொண்டார். "என் நண்பர் கடல்நாட்டாருக்குக் குடவோலை முறையைச் சீராகக் கொடுக்கிறேன்!"

கடல்நாட்டு ராஜாவின் முகம் சுருங்கியது. ஆனால் ராஜா கொடுக்கும் சீரை ராஜா மறுத்தால் போர் என்று அர்த்தம். பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினார். வாங்கியதைவிடக் கூடுதலாகக் கொடுக்காவிட்டால் மதிப்பில்லை அல்லவா? கனகராயன் பக்கம் திரும்பினார்.

"ஆற்றுநாட்டுக்கு நானும் குடவோலை கொடுக்கிறேன். அதோடு, ராஜ குடும்பத்து உறவினர் பெயர் குடத்துக்குள் போகக் கூடாது!"

கனகராயனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உத்தண்டனின் முகமும் அதற்குப் பின்னால் ராணியின் முகமும் தெரிந்தன. ஆத்திரத்தில் மலைநாட்டாரைப் பார்த்துக் கத்தினார்.

"உமக்கு அந்த இரண்டும் உண்டு. மேற்கொண்டு, பழைய தலைவன் களஞ்சியத்து நெல்லுக்கு ஊரார் முன்னால் பதில் சொல்ல வேண்டும்!"

மலைநாட்டார் சும்மா இருப்பாரா? வாங்கியதையெல்லாம் அப்படியே கடல்நாட்டுக்குத் தள்ளினார். கடல்நாட்டார் ஆற்றுநாட்டுக்குத் தள்ளினார். பொழுது சாய்வதற்குள் மூன்று சீர்திருத்தங்களும் மூன்று நாட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டன. ராஜ முத்திரையும் விழுந்துவிட்டது.

திரும்பும் வழியில் கனகராயன் பல்லக்கை நிறுத்தினார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"மயிலேறி! கடுகளவும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றேனே!"

"எங்கே விட்டுக்கொடுத்தீர்கள், மன்னா? மலைநாட்டுக்கு வாரி வழங்கினீர்கள். கடல்நாட்டாரிடம் சீர் வாங்கிக்கொண்டீர்கள். உங்கள் நாட்டில் எதையும் விட்டுக்கொடுப்பதாக நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே!"

"அது சரி, ராணிக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

"மற்ற இரண்டு ராஜாக்களும் இந்நேரம் தங்கள் ராணிகளிடம் என்ன சொல்கிறார்களோ, அதையே சொல்லுங்கள்."

"என்ன சொல்கிறார்களாம்?"

"'உன் தம்பிமேல் நான் கை வைப்பேனா? எல்லாம் அந்தப் பக்கத்து நாட்டான் செய்த வேலை. சீரென்று சொல்லித் தலையில் கட்டிவிட்டான். மறுத்தால் போர் வருமே!' தம்பி இருக்கும் இடத்தில் அண்ணன், சித்தப்பா என்று மாற்றிக்கொள்வார்கள், அவ்வளவுதான்."

கனகராயன் எத்தனை வருஷமாக உத்தண்டனைத் தொலைக்க வழி தேடிக்கொண்டிருந்தார்! பெருமூச்சுக்குப் பதில் சிரிப்பு வெடித்தது. பல்லக்குத் தூக்கிகள் தடுமாறும்படி சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி மயிலேறிக்குப் போட்டார்.

"ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், மன்னா. மலைநாட்டு ராணி இப்போது உங்களைத்தான் திட்டித் தீர்த்துக்கொண்டிருப்பாள்."

"திட்டட்டும், தாராளமாகத் திட்டட்டும்!" என்றார் ராஜா. "அவள் பக்கத்து நாட்டு ராணிதானே!"